எனக்கும் ஒரு பச்சை

காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். ஐந்தே முக்காலுக்கெல்லாம் ஷேர் ஆட்டோக்கள் எங்களைத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். பம்மலிலிருந்து நான், அனகாபுத்தூரிலிருந்து சேட்டு, தாம்பரத்திலிருந்து இரண்டு வண்டி மாறி மெட்டில்டா அக்கா. ஷெட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் முதலில் ஏறுவது எண்ணெய். தகரக் கூரை முந்தின நாள் வெயிலை விடிகிறவரைக்கும் விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஆறு பவர் ப்ரெஸ்ஸும் ஓட ஆரம்பித்தால் தரை அதிர்ந்து, அந்த அதிர்வு பூட்ஸ் வழியாக ஏறிப் பல்லுக்கு வந்து சேரும்.

கார் சீட்டுக்கு அடியில் மாட்டுகிற இரும்புத் தகடு எங்கள் சரக்கு. ஆண்கள் ப்ரெஸ்ஸில் வெட்டி வளைத்துப் போடுவார்கள். நானும் நாலு பெண்களும் அதன் பிசிறை அரத்தால் தேய்ப்போம். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கருத்துவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் ராத்திரிச் சோற்றில் எண்ணெய் வாசம் வரும். என் பெயர் ஆஷா. பன்னிரண்டு வருஷமாகப் பிசிறு தேய்க்கிறேன். என் வாயும் அரம் மாதிரிதான் என்று ஷெட்டில் பேச்சு உண்டு, நான் மறுப்பதில்லை.

போன ஏப்ரலில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு திரையை மாட்டினார்கள். மேலே ‘இன்று நலமா?’ என்று எழுதியிருக்கும். கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று முகங்கள். டோக்கன் நம்பரைத் தட்டி, நம் நிலைமைக்கு ஏற்ற முகத்தை அழுத்த வேண்டும். அதை ஓட்டுவதற்கென்று நாவலூரிலிருந்து ஜெர்சன் என்கிற பையனை வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாள் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினான்.

“உங்க உடம்பும் மனசும் எப்படி இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியணும். தனித்தனியா யாரையும் பார்க்க மாட்டோம். டீம் மொத்தமா எப்படி இருக்குன்னுதான் பார்ப்போம். பயப்படாம உண்மையைச் சொல்லுங்க.”

மெட்டில்டா அக்கா எங்கள் லைன் லீடர். அவள் நம்பினாள், எங்களையும் நம்ப வைத்தாள். “சொல்லாம அவங்களுக்கு எப்படிடி தெரியும்? முடியலன்னா முடியலன்னு அழுத்துங்க. ஃபேன் போடுவாங்க, ஒக்கார ஸ்டூல் போடுவாங்க” என்றாள்.

அந்தத் திரையைச் செய்தவனுக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை. நம் ஜனங்களிடம் ‘நல்லா இருக்கியா’ என்பது கேள்வியே இல்லை. பிள்ளைக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடிக்கையில் கேட்டாலும் மெட்டில்டா அக்கா “கர்த்தர் கிருபையில நல்லாருக்கேன்” என்றுதான் சொல்வாள். சேட்டுவோ “சூப்பரா கீறேன்” என்பான், முதுகைப் பிடித்துக்கொண்டே. எங்களில் உண்மையை அழுத்தியவள் ஒருத்திதான், ஜோசலின். பிள்ளை பெற்று நாலு மாதத்தில் வேலைக்குத் திரும்பியவள், ராத்தூக்கம் கிடையாது. ஒரே மாதத்தில் ஒன்பது சிவப்பு.

ஜூன் மாதம் முதலாளி மோகன்ராஜ் மெட்டில்டா அக்காவைக் கூப்பிட்டு, இருபத்தேழாம் டோக்கன் ஜோசலினுக்கு என்ன கஷ்டம், ஏதாவது செய்யலாமே என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார். இவளும் ஸ்டூல் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். குழந்தை தூங்க விடுவதில்லை, தலை சுற்றுகிறது, நிற்கும்போதே கண் சொக்குகிறது என்று. அடுத்த சனிக்கிழமை ஜோசலின் கையில் ஒரு தாள். ‘தூக்கமின்மை காரணமாக இயந்திரங்களுக்கு அருகில் பணிபுரியத் தகுதியில்லை. உடல் தேறியதும் அழைக்கப்படும்.’ யாரும் அவளை அழைக்கவில்லை. ஸ்டூலும் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஷெட் முழுக்கப் பச்சை. காய்ச்சலுக்குப் பச்சை, சாவு வீட்டிலிருந்து நேராக வந்தவனுக்கும் பச்சை. ஆறு அடித்தால் திரை பூட்டிக்கொள்ளும். அதற்குள் அழுத்தாதவர்களை ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதனால் மெட்டில்டா அக்கா முதலிலேயே வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். செருப்பைக் கழற்றிப் பூட்ஸ் மாட்டிக்கொண்டே நாங்கள் வரிசையிலிருந்து கத்துவோம், “அக்கா, எனக்கும் ஒரு பச்சை!” அவளுக்கு எங்கள் எல்லாருடைய நம்பரும் மனப்பாடம். டக் டக்கென்று அழுத்திவிடுவாள். ‘எங்கள் தொழிலாளர்களில் 98% பேர் நலம்’ என்று மோகன்ராஜ் ஆபீஸ் சுவரில் பிரேம் போட்டு மாட்டினார். எங்கள் சரக்கை வாங்க வந்த பெரிய கம்பெனிக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஆர்டர் குவிந்தது. ப்ரெஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. வரவில்லையென்றால் சூப்பர்வைசர் வந்து நிற்பான். அதனால் ஆறு ப்ரெஸ்ஸிலும் இடது பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கிற மாதிரி ஒரு ஆப்பு செருகியிருக்கும், பழைய மரப்பெட்டியில் செதுக்கினது. ஒரு கை அழுத்தும், ஒரு கை தகட்டைத் தள்ளும். மோகன்ராஜ் தினம் இரண்டு தடவை ஷெட்டைச் சுற்றி வருவார். அந்த ஆப்பு அவர் கண்ணில் பட்டதே இல்லையாம்.

மூன்றாம் ப்ரெஸ்காரன் பென்னி. பதினாறு மணி நேரம் நின்றுவிட்டுப் போனவன், மறுநாள் விடிகாலையே மறுபடி வர வேண்டியிருந்தது. வருகிற வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. வரிசையில் அவன் இல்லாததைப் பார்த்த மெட்டில்டா அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். “பாவம், ஆபீசுல போய் நிக்கப் போறான்” என்று சொல்லிக்கொண்டே அவன் நம்பரைத் தட்டிப் பச்சையை அழுத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

ஏழரை மணி இருக்கும். மூன்றாம் ப்ரெஸ்ஸின் அடி வேறு மாதிரி விழுந்தது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம் இல்லை அது. சேட்டு ஓடிப் போய் மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனைக் குத்தினான். பென்னி கத்தவில்லை. தன் இடது கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான். மெட்டில்டா அக்கா முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். துணி நனைந்துகொண்டே வந்தது. வேனில் ஏற்றும்போது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

“அக்கா, எனக்குப் பச்சை போட்டியா?”

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு விரல் போய்விட்டது என்று பத்து மணிக்குக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூன்றாம் ப்ரெஸ்ஸைத் துடைத்துப் பத்தரைக்கு வேறு ஆளை நிறுத்தினார்கள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஆபீசிலிருந்து மெட்டில்டா அக்காவுக்கு அழைப்பு. “நீயும் வாடி ஆஷா” என்றாள். போனேன். ஏசி அறைக்குள் நுழைந்ததும் எங்கள் எண்ணெய் வாசம் எங்களுக்கே அடித்தது. மோகன்ராஜ் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஜெர்சன் லேப்டாப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

“ரொம்ப வருத்தமா இருக்கு மெட்டில்டா. பென்னி நம்ம பையன். ஆனா ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்கில்ல?” என்று மோகன்ராஜ் ஒரு தாளைத் தள்ளினார். “லைன் லீடரா நீங்க சைன் பண்ணணும்.”

அக்கா சத்தமாக வாசித்தாள். ‘தொழிலாளி அன்று காலை தாம் முழு நலத்துடன் இருப்பதாகத் தாமாகவே பதிவு செய்துள்ளார். களைப்பை மறைத்து, கவனக்குறைவாகவும் விதிகளை மீறியும் இயந்திரத்தை இயக்கியதே விபத்துக்குக் காரணம்.’

“அவன் பதினாறு மணி நேரம் நின்னது இதுல இல்லையே சார்.”

“முடியலன்னா ரெட் அழுத்தியிருக்கலாமே? அதுக்குத்தானே அந்த ஸ்கிரீனை வச்சேன்? டேட்டா பொய் சொல்லாது மெட்டில்டா.”

“சிவப்பு அழுத்தின ஜோசலின் இப்ப எங்க சார்?” என்று கேட்டேன். அவர் பேனாவைத் திறந்து அக்கா பக்கம் நீட்டினார்.

அக்கா தாளை மேசையில் வைத்தாள். “அந்தப் பச்சை அவன் அழுத்தினது இல்ல சார். நான் அழுத்தினேன்.”

ஜெர்சன் லேப்டாப்பில் எதையோ தேடினான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான். “சார், பச்சை பதிவானது அஞ்சு அம்பத்தெட்டு. கேட்ல பென்னி கைரேகை வச்சது ஆறு நாலு.”

“உன்னை யாருப்பா கேட்டா?” என்று மோகன்ராஜ் சீறினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு அக்காவிடம் திரும்பினார். “பொய் ரெக்கார்டு போட்டது நீங்கன்னு ஆகுது. வேலை போறதோட நிக்காது, கேஸ் வரும். உங்க பொண்ணு காலேஜ் படிக்குதில்ல? இந்த ரூமுக்குள்ள பேசினது இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குள்ள சைன் பண்ணிக் கொடுத்துடுங்க.”

வெளியே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

“உள்ள இன்னாக்கா சொல்லிகினு கீறான்?” என்றான் சேட்டு.

அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. பென்னிக்குப் பச்சை போட்டதைச் சொன்னாள். ஜோசலினின் தூக்கக் கதையை முதலாளியிடம் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். அதுவரைக்கும் அது எங்களுக்குத் தெரியாது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“அவ உன்னை நம்பித்தானேக்கா அழுதா? அதைக் கொண்டுபோய் அந்த ஆளு கையில குடுத்துட்டியே.”

“ஸ்டூல் போடுவாங்கன்னு நெனச்சேன்டி” என்றவள் அங்கேயே, டீக்கடை வாசலிலேயே, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சேட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தான். “நீ பண்ணது தப்புதாங்க்கா. ஆனா தெனம் ‘எனக்கும் ஒரு பச்சை’ன்னு கூவுனது யாரு? நாங்கதான. நாம எல்லாம் நல்லாகீறோம் நல்லாகீறோம்னு சொல்லி, இருவத்திரெண்டு பேரும் சேந்து பென்னிக்கு ஆப்பு வெச்சுட்டோம்.” பாக்கெட்டிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து டீக்கடைப் பலகையில் போட்டான். மூன்றாம் ப்ரெஸ்ஸின் ஆப்பு. துடைக்கிறதுக்கு முன்னால் உருவி வைத்திருந்தான். அதன் முனை கருஞ்சிவப்பாக இருந்தது.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் அது போக வேண்டிய இடம் அவள் இல்லை என்பது புரிந்தது. அன்று சாயங்காலம் நானும் அவளும் பம்மலில் ஜோசலின் வீட்டுக்குப் போனோம். என்ன நடந்தது, நாளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று அக்கா சொல்லச் சொல்ல, ஜோசலின் பிள்ளையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாக்கலாங்க்கா. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், அதைச் சொல்லு” என்றாள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு இருபத்திரண்டு பேரும் திரைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். யாரும் பச்சை கேட்டுக் கத்தவில்லை, திரையைத் தொடவும் இல்லை. கேட்டுக்கு வெளியே ஜோசலின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சேட்டு ஆறு ப்ரெஸ்ஸையும் சுற்றிவந்து மிச்ச ஆப்புகளையும் பிடுங்கி, திரைக்குக் கீழே தரையில் அடுக்கினான். தொழிற்சாலை ஆய்வாளருக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதிய மனு என் கையில் இருந்தது. பதினாறு மணி நேர வேலை, ஆப்பு, யார் விரல் யாருக்காக அழுத்தியது எல்லாம் அதில் இருந்தது. அடியில் இருபத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து மெட்டில்டா.

மோகன்ராஜ் காரிலிருந்து இறங்கி வந்தார். பின்னாலேயே ஜெர்சன். “சைன் பண்ணியாச்சா மெட்டில்டா?”

“பண்ணியாச்சு சார். உங்க தாள்ல இல்ல.”

மனுவின் நகலை வாங்கிப் படித்தவருக்கு முகம் கடுத்தது. “இருபத்திரண்டு பேரும் பொய் ரெக்கார்டு போட்டதா நீங்களே எழுதிக் கொடுக்கிறீங்க. இருபத்திரண்டு பேரையும் வெளிய அனுப்ப எனக்கு ஒரு நாள் போதும், தெரியுமா?”

“அன்ப்பு சார்” என்றான் சேட்டு. “ஆர்டர நீயே நின்னு அடி. ஆப்பு இங்கதான் கீது.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தாலும் எங்கள் எல்லாருக்கும் பயம் இருந்தது. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, எல்லாம் அந்த வரிசையில் எங்களோடுதான் நின்றது.

அக்கா ஜெர்சன் பக்கம் திரும்பினாள். “தம்பி, உன் திரை வேணாம்னு நாங்க சொல்லல. ஸ்டூல் போடணும், டபுள் ஷிப்டை நிறுத்தணும், அதுக்காகக் கேக்கிறியா, தாராளமா கேளு. அதை யார் பாக்கிறது, எதுக்குப் பாக்கிறதுங்கிறதை நாங்களும் கூட ஒக்காந்துதான் முடிவு பண்ணுவோம். ஆளை வெளிய தள்ள வழி தேடறதுக்குன்னா இப்பவே கழட்டிக்கினு போயிடு. நான் ஒருத்தி நல்லதுன்னு நெனச்சு வாயைத் திறந்ததே போதும்.”

ஆறு அடித்தது. திரை தானாக அணைந்து, ‘பதிவு நேரம் முடிந்தது’ என்று காட்டியது. மோகன்ராஜ் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ திட்டியபடி ஆபீசுக்குள் போனார். ஜெர்சன் போகவில்லை. முதலாளி போன பக்கம் பார்த்தான், தரையிலிருந்த ஆப்புகளைப் பார்த்தான். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். என்ன கேட்பது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், “நல்லா இருக்கீங்களாக்கா?” என்றான்.

“கர்த்தர் கிரு...” என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினாள். நாற்பத்தோரு வருஷமாகச் சொல்லி வந்த சொல். அதை விழுங்கிக்கொண்டாள்.

“நல்லா இல்ல தம்பி” என்றாள். “எழுது. பேரு மெட்டில்டா. நல்லா இல்ல.”

“எனக்கும் அதான்” என்றான் சேட்டு. “பேரு போட்டு எய்து.”

“எனக்கும்” என்றேன் நான். எனக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு குரலாக எழுந்தது, எனக்கும், எனக்கும் என்று. கேட்டுக்கு வெளியிலிருந்து ஜோசலின் குரலும் கேட்டது. ஜெர்சன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். ஷெட்டுக்குள் ஆறு ப்ரெஸ்ஸும் இன்னும் ஓடவில்லை.