விக்கெட்டுக்கு ஒரு மன்றாட்டு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் கஸ்பருக்கும் மனைவி அருள்நாயகிக்கும் 2006 கோடை முழுவதும் ஒரே சண்டை. மகன் ஜெஸ்ரின் கவுண்டி அணி ஒன்றில் சம்பளத்துக்குப் பந்து வீசுகிறவன். அருள்நாயகியோ பிள்ளை காயப்படக் கூடாது என்று மட்டும்தான் புனித அந்தோனியாரிடம் மன்றாடுவாள். அந்தோனியாரும் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தார். பையனுக்கு ஒரு கீறல் இல்லை, விக்கெட்டும் இல்லை.

செப்டம்பரில் கடைசி ஆட்டம் வந்தது. இதிலும் சறுக்கினால் அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் கிடையாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். கிரிக்கெட்டை நம்பிப் பல்கலைக்கழகத்தை விட்டவன் ஜெஸ்ரின். கஸ்பர் மனைவியின் காலில் விழாத குறை.

“இந்த ஒருக்கா விக்கெட்டுக்கு மன்றாடுமன். உம்மட பிள்ளைதானே.”

“அவுட்டாகிறவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான். அவன் விழவேணும் எண்டு நான் கேக்க ஏலாது.”

கஸ்பருக்கு ஷிப்ட். செபமாலையும் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸுமாக அவள் தனியே மைதானத்துக்குப் போனாள். நாலு நாள் ஆடியும் வெற்றி தோல்வி இல்லாமல் முடியக்கூடிய விளையாட்டுக்குக் கூட்டமா வரும்? போர்வைக்குள் பேப்பர் படிக்கும் சில கிழவர்கள், அப்பால் ஒரு வெள்ளைக்கார அம்மா, அவ்வளவுதான். பக்கத்தில் ஆள் இருக்கத் தனியே தின்ன அருள்நாயகிக்குத் தொண்டையில் இறங்குமா? பெட்டியை நீட்டினாள். ஹிலரி என்ற அந்த அம்மா உறைப்பில் கண் கலங்கியபடியே இரண்டை முடித்து, மூன்றாவதையும் கேட்டு வாங்கினாள். பிறகுதான் சொன்னாள், எதிரணியில் துடுப்போடு நிற்பவன் தன் மகன் என்று. இத்தனை வருடம் ஆடியும் ஒரு சதம்கூட அடிக்காதவன் என்று.

அருள்நாயகிக்கு ரோல் கையிலேயே நின்றது. இனி அவன் விழ எப்படிக் கேட்பது? விழாவிட்டால் தன் பிள்ளையின் கதி? கோட்டுக்குள் செபமாலையை உருட்டியபடி அந்தோனியாரிடம் பேரம் பேசினாள். அந்தப் பிள்ளை நூறு அடிக்கட்டும்; அடித்த பிறகு ஜெஸ்ரின் அவனை எடுக்கட்டும்.

ஹிலரியின் மகன் தொண்ணூற்றொன்பதில் நிற்கையில் பந்து ஜெஸ்ரின் கைக்கு வந்தது. ஸ்டம்ப் பறந்தது.

அணியே ஜெஸ்ரின் மேல் பாய்ந்தது. அவன் தாயைத் தேடிக் கை காட்டினான். தாயோ ஹிலரியின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். சந்தோசமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அவன் கை காட்டியதைக் கண்ட ஹிலரியே, உன் மகன் நல்ல பந்து போட்டான் என்று அவளைத் தேற்றினாள். பதில் சொல்ல ஆங்கிலம் வராமல், அருள்நாயகி மிச்ச ரோல்ஸைப் பெட்டியோடு அவள் மடியில் வைத்தாள்.

அதன்பின் ஜெஸ்ரினுக்கு மேலும் நாலு விக்கெட். மாலையில் ஒப்பந்தம் கிடைத்த செய்தியோடு ஓடிவந்தவனைத் தாய் கட்டிப்பிடித்தாள். பிறகு காதோடு சொன்னாள்.

“அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு ஓட்டம் குடுத்திருக்கலாம், தம்பி.”

“அதைக் குடுக்காமல் இருக்கிறதுக்குத்தானம்மா எனக்குச் சம்பளம்.”

ஞாயிறு பூசை முடிய அவள் அந்தோனியார் முன்னால் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினாள். மற்றது ஆருக்கு என்று கஸ்பர் கேட்டார்.

“ஹிலரியின்ர மகனுக்கு. அடுத்த வருசம் அவன் நூறு அடிக்கவேணும்.”

“எங்கட பிள்ளைதானே அவனுக்குப் பந்து போடுவான்?”

“போடட்டும். காயப்படாமல் போட்டால் சரி.”

அவள் வாசலைத் தாண்டும் வரை கஸ்பர் பார்த்து நின்று, மூன்றாவது திரியைத் தானே கொளுத்தினார், விக்கெட்டுக்கு.