மலர் தூவத் தண்ணீர்

கல்வெட்டுதான் முதலில் வந்தது. அதில் பதினோரு பெயர்கள் இருந்தன. அதை நட்டு முடித்த பிறகே, அந்த இடத்தில் நீர்த்தேக்கம் கட்டினால் தண்ணீர் நிற்குமா என்று பார்க்கத் துளை போடும் எந்திரத்தோடு என்னை அனுப்பினார்கள். தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன?

என் பெயர் மிக்கேல்ராஜ், திண்டுக்கல்காரன். பாறையைத் துளைத்துத் துண்டு துண்டாக வெளியே எடுத்து, ஆழத்தை எழுதிப் பெட்டியில் அடுக்குவது இருபது வருடமாக என் வேலை. சேவுகம்பட்டிப் பக்கம், ராமுத்தாயக்காவின் இரண்டு ஏக்கர் மல்லிகைத் தோட்டத்து ஓரத்தில் எந்திரத்தை நிறுத்தினேன். நீர்த்தேக்கம் வந்தால் முதலில் முழுகுவது அந்தத் தோட்டம்தான்.

"ஏந் தம்பி, பாறை சரியில்லேன்னா விட்டுட்டுப் போயிருவாகளா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. தண்ணி நிக்காத எடத்துல என்னத்தக் கட்டப் போறாக?" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

பாறை முறுக்கு மாதிரி நொறுங்கி வந்தது. துளைக்குள் ஒரு லாரித் தண்ணீர் விட்டோம். அரை மணி நேரத்தில் அத்தனையையும் குடித்துவிட்டது. அப்படியே எழுதினேன். என்ஜினீயர் சிவபிரகாஷ் அதைப் படித்துவிட்டுக் கல்வெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம விழா. இப்பப் போயி ஒழுகுதுங்கிறியே? துளையில சிமெண்ட் பால ஊத்து. காஞ்சதும் திரும்பத் தண்ணி விட்டுப் பாரு."

ஊற்றினேன். காய்ந்த பிறகு ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. எப்படி இறங்கும்? 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வயிற்றுப்பாடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

கல்வெட்டில் முதல் பெயர் யாருடையதோ, விழாவுக்கு வரும் அந்தப் பெரியவர் வெறும் தரையிலா மலர் தூவுவார்? தோட்டத்துக்கு மேற்கே மேட்டில் குழி வெட்டி, காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு லாரித் தண்ணீரை நிரப்பினார்கள். ஒன்பது மணிக்கு வர வேண்டிய பெரியவர் ஒன்றரைக்கு வந்தார். அதற்குள் குழியில் சேறுதான் மிச்சம். ரோஜா இதழ்த் தட்டோடு சிவபிரகாஷ் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

அப்போது ராமுத்தாயக்கா இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தார்.

"அய்யா, சித்திரையிலருந்து வறண்டு கெடந்த எங் கெணத்துல இன்னைக்கு மூணு அடித் தண்ணி. எல்லாம் நீங்க ஊத்துனதுதான். மலர் தூவணும்னாகளே, அதான் ஒரு குடம் திருப்பிக் கொண்டாந்தேன்."

கூட்டம் சிரித்தது. நான் எழுதிய பொய்யை அந்த ஒரு குடம் கழுவிவிட்டது என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

பெரியவர் சிரிக்கவில்லை. "அப்ப, இங்க தண்ணி நிக்காதா?"

"நிக்காதுங்கய்யா," என்றார் சிவபிரகாஷ், கண் மூடித் திறப்பதற்குள். "அதான் இந்த எடத்தோட விசேஷமே. நீர்த்தேக்கத்துக்குப் பதிலா கசிவுநீர்க் குட்டை போட்டா சுத்துப்பட்டுக் கெணறெல்லாம் ஊறும். இந்தம்மாவே சாட்சி."

ஒரே கைதட்டல். பெரியவர் ராமுத்தாயக்காவுக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள்.

பெரியவரின் கார் கிளம்பியதும் அக்கா சிவபிரகாஷிடம் கேட்டார். "குட்டைன்னா சின்னதுதான சார்? எந் தோட்டம் தப்பிச்சுரும்ல?"

"கல்வெட்டு நட்டாச்சேம்மா. அதே எடம், அதே அளவு. பேரு மட்டுந்தான் மாறுது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏந் தம்பி, நெசத்தச் சொன்னாலும் தோட்டத்த எடுத்துக்குவாகன்னு நீ சொல்லவே இல்லையே?"

எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு. சால்வையைக்கூடக் கழற்றாமல் அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். வாடிக் கிடந்த மல்லிகைச் செடி ஒன்றின் தூரில் அந்தத் தண்ணீரை ஊற்றினார்.