மூடாத மரப்பெட்டி

என் நாற்காலியில் வளவன் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வந்த கோபத்தில், அன்றைக்குச் சூளைக்கு எண்ணெயே ஊற்றியிருக்க வேண்டாம்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். விருத்தாசலத்தில் ஆதிநாராயணன் முதலாளியின் பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டை செய்கிறோம். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ளும் துர்காதேவி நான். சென்னை ஏற்றுமதிக்காரர்கள் அந்த வருஷம்தான் ஆர்டரை பிளாப்பியில் அனுப்பத் தொடங்கினார்கள். மரப்பெட்டி, அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் பொட்டலம், அதற்குள் கட்டை. ஒவ்வொன்றும் தொடங்குகிற இடத்தில் ஒரு குறி, முடிகிற இடத்தில் ஒரு குறி. அதைப் பிரித்துப் படித்து, எந்த மரப்பெட்டி எந்த ஊருக்கு என்று பட்டியல் போடவேண்டும்.

இப்படிப் பிரித்துப் படிக்க யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்கள் உண்டு. லைப்ரரி என்பார்கள். பத்திரிகையோடு வந்த சி.டி.யில் மூன்று இருந்தன. முதலாவது மொத்த ஆர்டரையும் ஒரே வாயில் விழுங்கப் பார்த்து எங்கள் கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டது. இரண்டாவது, எதைக் கொடுத்தாலும் தலையாட்டும். மூன்றாவது சிடுமூஞ்சி, ஒரு குறி தப்பினாலும் மேலே போகாது. எனக்கு அதுதான் பிடித்தது. குணம் ஒத்துப்போனதும் ஒரு காரணம்.

வளவன், முதலாளியின் அக்கா மகன். சென்னையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவர். அவருக்கு இரண்டாவதுதான் உசத்தி.

துபாய்க்கும் கொழும்புக்குமான ஆர்டர் வந்த அன்று இருவரும் ஓட்டிப் பார்த்தோம். அவருடையது மளமளவென்று நாற்பது பக்கம் அச்சடித்தது. என்னுடையது கடைசி வரி வரை போய், ஒரு மரப்பெட்டி இன்னும் மூடப்படவில்லை என்று சொல்லி நின்றுகொண்டது.

"பாத்தீங்களா மாமா? என்னுது ஒரு எரரு இல்லாம ஓடுது" என்றார் வளவன்.

"மூணு மணிக்கு லாரி வந்துடும் துர்கா. ஒன்னுது நின்னுபோயிக் கெடக்குது" என்றார் முதலாளி. "இனிமே வளவன் கம்ப்யூட்டரைப் பாக்கட்டும். நீ பேக்கிங் பக்கம் போ."

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து கற்ற வேலை. அழுதால் வளவனுக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்று அழவில்லை. விறுவிறுவென்று பேக்கிங் பக்கம் போனேன்.

அங்கே பாஞ்சாலையக்கா வழக்கம்போல் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண் என்றால் பொட்டலத்துக்கு. டொக் என்றால் உள்ளே விரிசல், கழிவுக் கூடைக்கு. பார்த்துக்கொண்டே நின்றவள், நல்லது ஒன்றும் கழித்தது ஒன்றுமாக எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

முதலாளி மேசையில் இரண்டையும் தட்டினேன். "பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. விரிசல் உட்டதுங்கூட கிண்ணுன்னா நாம என்னாங்க பண்ணுவோம்? வளவன் சாரு லைப்ரரி எதைத் தட்டுனாலும் கிண்ணுங்குது. ஆர்டருல எட்டுப் பெட்டி தொறந்துருக்குது, ஏழுதான் மூடியிருக்குது. சென்னைக்கு ஒரு போன் போடுங்க. தப்பு என்மேலன்னா நானே பேக்கிங்குக்குப் போயிடறேன்."

முப்பது வருஷம் கட்டை தட்டிய கை முதலாளியுடையது. விரிசல் கட்டையை எடுத்து இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, போனைச் சுற்றினார்.

மறுமுனையில் ஜெயராஜ் என்பவர் வெகுநேரம் தேடினார். "ஆமாங்க, ஏழாம் பெட்டிக்கு முடிவுக் குறி போடாம உட்டுட்டோம். அது துபாய்ப் பெட்டி, எட்டாவதுதான் கொழும்புப் பெட்டி. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

முதலாளி வளவனின் பட்டியலைப் புரட்டினார். எட்டாவது பெட்டியே அதில் இல்லை. கொழும்புச் சரக்கு முழுவதும் ஏழாவது துபாய்ப் பெட்டிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"எங்க துர்கா தட்டிப் பாத்துச்சிங்க" என்று போனில் சொன்னார். அப்புறம் பேக்கிங் வரைக்கும் கேட்கிற குரலில், "வளவா, எந்திரி!" என்றார்.

உட்கார்ந்தேன். குறியைச் சேர்த்து ஓட்டினேன். சிடுமூஞ்சி ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரியைத் தாண்டியது. எட்டுப் பெட்டி! சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலுக்குப் பாஞ்சாலையக்கா கையில் கட்டையோடு ஓடி வந்தார்.

லாரி கிளம்பியபின் வளவன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த மூணாவது லைப்ரரிய எனக்கும் ஒரு பிளாப்பில போட்டுத் தரீங்களா?"

"தாராளமா எடுத்துக்குங்க சார். ஆனா அது திட்டும்" என்றேன்.