லாண்டரி பார்க்கும் படலம்

“தண்ணி பில்லைக் கேட்டீங்களா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க!”

“கேட்டேன்டி! வீட்டு பில்லும் கடை பில்லும் ஒண்ணா வருதாம். பிரிச்சுக் காட்ட முடியாதாம்.”

“துணி துவைக்கிற கடைக்குத் தண்ணிக் கணக்கு தெரியாதாம்! நீங்களும் தலையாட்டிட்டு வந்தீங்களாக்கும்!”

“கத்தாதே. பக்கத்து வீட்டுல காது இருக்கு.”

அந்தக் காது என்னுடையது. வேண்டுமென்று வைத்துக்கொண்டு கேட்பதில்லை, சுவர் அப்படி. அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் நான் குனிந்து தேடுவேன்.

கத்தியவர் தையலக்கா. தெருமுனையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர். ஜாக்கெட் ஜாக்கெட்டாகத் தைத்துச் சேர்த்து வாங்கிய இடம் அது. மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும், ஆனால் அவருடையது. பதில் சொன்னவர் அவர் கணவர். ஒரு கிடங்கில் துணை மேனேஜராக இருந்தார். ஓய்வு பெற்ற அன்றே ‘துணை’யைக் கழற்றி வீசிவிட்டார், தெருவுக்கு இப்போது வெறும் மேனேஜர்.

மேனேஜர் என்றால் எதையாவது மேய்க்க வேண்டுமே. மனைவியையும் மகளையும் மேய்க்கப் பார்த்தார், இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டன. அப்போதுதான் எதிர்ச்சாரியில் இருக்கும் லாண்டரி விலைக்கு வந்தது. நாமே துணியை உள்ளே திணித்து, காசு போட்டு, துவைத்து எடுத்துக்கொண்டு போகிற கடை. அதன் உரிமையாளருக்கு நுரையண்ணன் என்று பெயர் வைத்தது நான்தான். பேச ஆரம்பித்தால் பொங்கிப் பொங்கி வரும்; கையை விட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது.

அதை வாங்க மேனேஜரிடம் ஏது பணம்? அங்கேதான் வினை. தையல் கடையை விற்பதாகத் திட்டம். செல்போன் கடை போட ஒருவர் முன்பணத்தோடு தயாராக நின்றார்.

“யோசிச்சுப் பாரு. தைச்சுப் போடறவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. அழுக்கு? அது எந்தக் காலத்துலயாவது குறையுமா?”

“குறையாது. உங்க யோசனை மாதிரி, ஊறிக்கிட்டேதான் இருக்கும்.”

“அப்போ என்னதான் சொல்றே?”

“ஒரு வாரம் பார்க்கலாம். கூட்டம் வந்தா என் கடையை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன். வரலைன்னா, லாண்டரிங்கற வார்த்தை இந்த வீட்டுல கேட்கக் கூடாது.”

அதோடு பேச்சு நின்றது. நிஜமாகவே நின்றது. அந்த வீட்டு வழக்கம் அது: சண்டை வந்தால் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். சொல்ல வேண்டியதை என் வாசலில் வந்து, மற்றவர் காதில் விழுகிற குரலில், எனக்குச் சொல்வார்கள். ரகசியமாக இருந்தால் குரலை இறக்கிச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வந்தவர் மேனேஜர். “உங்ககிட்டதான் சொல்றேன், வெளியில போகக் கூடாது. என் தம்பி ஆம்பிளைங்க விடுதி நடத்தறான் இல்லையா? அவன்கிட்ட சொல்லியிருக்கேன். தினம் நாலு பேர் துணியோட போய் உட்கார்ந்து, கூட்டம் எப்படின்னு பார்த்துட்டு வருவாங்க. சும்மா போய் உட்கார்ந்தா நுரை கண்டுபிடிச்சுடுவான்.”

அவர் தலை மறைந்ததும் தையலக்கா. “உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். எங்க அக்காவோட மருமகளுங்க ரெண்டு பேரையும் அனுப்பறேன், அவங்க குடியிருப்புல நாலு பொம்பளைங்களையும் சேர்த்து. மனுஷன் கூட்டம்னு பொய் சொல்லுவார், எனக்குக் கண்ணால பார்த்த சாட்சி வேணும்.”

இருவருமே என்னையும் ஒரு நடை போய்வரச் சொன்னார்கள். இருவருமே மெஷினுக்குக் காசு கொடுத்தார்கள். என் கம்பளிகள் அந்த வாரம் கண்ட சுத்தத்தை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. ரகசியத்தை இரண்டு பக்கமும் காத்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாரம்தான். அதனால்தான் இவ்வளவும் நடந்தது என்று பிறகு எல்லோரும் என்மேலேயே பாய்ந்தார்கள். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

மூன்றாவதாக மகள். பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. அங்கே நாற்காலி, மோட்டார் எல்லாம் பழுது பார்க்க வருகிற ரிப்பேர்காரனை அவள் அனுப்பினாள். “அப்பா கூட்டத்தைத்தான் பார்ப்பார், மெஷினை யார் பார்க்கறது?” நியாயமான கேள்வி. அவன் இரண்டே இரண்டு சட்டையோடு தினம் வந்தான். தினம் அதே இரண்டு சட்டை. ஒவ்வொரு மெஷினிலும் மாற்றி மாற்றிப் போட்டு, காதை வைத்துக் கேட்டான். மாலையில் அவள் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று அறிக்கை கொடுத்தான். பேரிங்கைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தகவல்கள் வந்து குவிந்தன. தம்பி போனில் கத்தினான், அது சுவரைத் தாண்டிக் கேட்டது: “அண்ணா, உட்கார இடமில்லையாம்! பொம்பளைங்க கூட்டம் அள்ளுதாம்!”

மூத்த மருமகள் தையலக்காவிடம் மூச்சு வாங்கினாள்: “சித்தி, நிக்கவே இடமில்ல. தடிமாடு மாதிரி ஆம்பிளைங்க, ஆளுக்கு ரெண்டு மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்கறாங்க.”

தையலக்காவின் முகம் அன்று விழுந்தது விழுந்ததுதான். கடைக்குப் போய், கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். அளவு கொடுக்க வந்தவரிடம் “அடுத்த மாசம் நான் இங்க இருக்கமாட்டேன்” என்று எரிந்து விழுந்தார்.

ரிப்பேர்காரன் மட்டும் மேனேஜரிடம் வேறு மாதிரி சொன்னான். “சார், மூணு மெஷின்ல பேரிங் போயிடுச்சு. டிரையர் ஓடுறப்போ கல்லு அரைக்கிற சத்தம். வெந்நீர்னு எழுதியிருக்கற பட்டனை அழுத்தினா பச்சைத் தண்ணிதான் வருது.”

“தம்பி, கூட்டம் வருதா இல்லையா?”

“வருது சார்.”

“அப்புறம் என்ன? காதைக் கழட்டி வெச்சுட்டுக் கண்ணால பாருங்க.”

சனிக்கிழமை முன்பணம் கொடுக்கப் புறப்பட்டார்கள். மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னே. தையலக்கா பேசாமல் பின்னே. சாட்சிக்கு நான்.

உள்ளே எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நுரையண்ணன் எங்கோ உள்ளே இருந்தார். இதை வாங்குவதற்காக விற்றுத் தொலைக்கப் போகிற தன் கடையை நினைத்தபடி, தையலக்கா முதல் மெஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் குனிந்தார்.

“இந்தத் தலையணை உறை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே.”

“தலையணை உறை எல்லா வீட்டுலயும் இருக்கும். வா.”

“பச்சைக் கோடு போட்ட மிச்சத் துணியில, ஓரத்துக்கு நீலம் வெச்சு எல்லா வீட்டுலயும் தைப்பாங்களா? உங்க தம்பி விடுதிக்கு நான் ஓசியில தைச்சுக் கொடுத்தது!”

அடுத்த கண்ணாடிக்குத் தாவினார். “இது எங்க அக்கா சின்ன மருமக நைட்டி. இடது கைக்காரி, பாக்கெட்டை இடது பக்கம் வெச்சேன்.” அடுத்தது. “இது மறுபடியும் உங்க தம்பி விடுதி ஜன்னல் திரை! ஜன்னல் திரையைக்கூடக் கழட்டி அனுப்பியிருக்கான்!” அடுத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். “இது உன் கம்பளி.”

நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

கடைசி மெஷினில் இரண்டு சட்டைகள் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அதைத் தைத்தது அவர் இல்லை. ஆனால் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள், கிளினிக்கில் இருக்க வேண்டிய நேரத்தில்.

“எல்லா டிரம்முலயும் நம்ம துணிதாங்க சுத்துது!” தையலக்கா கத்தினார். “நீங்க அனுப்பினதை நான் எண்ணியிருக்கேன், நான் அனுப்பினதை நீங்க எண்ணியிருக்கீங்க! வெளி ஆளு ஒரு கைக்குட்டைகூடப் போடலை!”

“நீயும் ஆள் அனுப்பினியா? என்கிட்ட சொல்லவே இல்லையே!”

“நீங்க சொன்னீங்களா? நாம பேசிக்கிட்டா இருந்தோம்?”

இந்த இடத்தில் நுரையண்ணன் துண்டால் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

“வாங்க மேனேஜர், நானே வரணும்னு இருந்தேன். மன்னிச்சுக்கங்க, கடையை விக்கறதா இல்லை. இந்த வாரம் பார்த்தீங்கல்ல? இப்பதான் கடைக்கு நேரம் வந்திருக்கு. பொன் முட்டை போடறதை யாராவது விப்பாங்களா?”

இதோடு பிழைத்தோம் என்று வேறு யாராக இருந்தாலும் நழுவியிருப்பார்கள். மேனேஜருக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “என்னங்க இது? வாக்குக் கொடுத்துட்டு மாத்திப் பேசறீங்க? நியாயமா இது?”

தையலக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “வாயை மூடிக்கிட்டு வாங்க.” ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் நேராகக் கணவனிடம் சொன்ன சமாதான வார்த்தை அதுதான்.

“என் கம்பளி உள்ளே இருக்கு,” என்றேன். “இருக்கட்டும்,” என்றார்.

அன்று சாயங்காலமே செல்போன்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள், கடை விற்பனைக்கு இல்லை என்று. தையலக்கா கடையைத் திறந்து, துரத்திவிட்டவரைத் திரும்பக் கூப்பிட்டு அளவெடுத்தார்.

நுரையண்ணன் அந்த உற்சாகத்தில் தவணையில் புது டிரையர் ஒன்று வாங்கிப் போட்டார். வந்த கூட்டமெல்லாம் நாங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் யார் போய்ச் சொல்வது? கூட்டம் வரும் வரும் என்று வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்தார். பிறகு மகன் இருக்கிற ஊருக்கே போய்விட்டார். அந்த இடத்தில்தான் இப்போது செல்போன் கடை. புது டிரையர் பாதி விலைக்குத் தம்பியின் விடுதிக்குப் போனது.

மகளை ரிப்பேர்காரனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். வேறென்ன செய்வது, பேரிங் பேச்சு அவ்வளவு தூரம் போயிருந்தது. கல்யாண ஜாக்கெட்டைத் தையலக்கா மூன்று தடவை பிரித்துத் தைத்தார். பஸ்ஸில் அரை மணி தூரத்தில் குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினை அவன் குடிபோன முதல் வாரமே பிரித்துப் போட்டான், இன்னும் பூட்டவில்லையாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் ஒரு பெரிய மூட்டையோடு வந்து இறங்குகிறார்கள்.

துவைப்பது மேனேஜர்தான். மனைவி கடையில் இருப்பதால் என் வாசலைப் பார்த்துக் கத்துகிறார்: “பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன், அழுக்கு குறையவே குறையாது!”