எண்பத்து மூன்று பரவாயில்ல

ஆய்வு நெறியாளர் அட்டவணையைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பதினான்கு பெண்களின் நேர்காணல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்த பட்டியல் அது. முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் 'பணித் திருப்தி' என்று இருந்தது. எதிரே எண்பத்து மூன்று. நேர்காணல் எடுத்தவள் அவள். அனுமதிக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஏழு மாதம் அலைந்தவள் அவள். ஒலிப்பதிவை வரிவரியாகக் கேட்டுத் தட்டச்சு செய்து கழுத்து பிடித்துக்கொண்டவளும் அவள்தான். இத்தனை திருப்தி அவள் கண்ணில் படாமல் எந்த மூலையில் ஒளிந்திருந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"சார், இதை யார் பிரிச்சது?"

"துறையில புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரே, அவர்கிட்ட குடுத்தேன். இன்னொருத்தரும் பிரிச்சுப் பாத்தாதானே நம்புவாங்க? மூணே நாள்ல முடிச்சுட்டார். நீங்க மூணு மாசமா உருட்டிக்கிட்டு இருக்கீங்க."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். திருப்திக்குச் சான்றாக வரிகள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. கையுறை கிழிந்தால் மாற்றித் தருவார்களா? அதெல்லாம் பரவாயில்ல. துணி மூட்டையில் ஊசி கிடந்து குத்தியதுண்டா? ம், பரவாயில்ல. முதுகு வலிக்கு விடுப்பு கிடைக்குமா? பரவாயில்ல மேடம், விடுங்க. அந்தப் புண்ணியவான் ஒரே ஒரு சொல்லைத் தேடி எடுத்து, வந்த இடத்திலெல்லாம் திருப்தி என்று முத்திரை குத்திவிட்டிருக்கிறார். மூன்று நாள்கூட ஆகியிருக்காது, மூன்று மணி நேரம் போதும்.

"பரவாயில்லன்னா திருப்தின்னு அர்த்தமில்ல சார். அவங்க சொன்ன விதமே வேற. நான் நேர்ல கேட்டேன்."

"உங்க காதுல விழுந்ததெல்லாம் தரவு இல்லம்மா. தாள்ல என்ன இருக்கோ அதுதான் தரவு" என்று ஒரே போடாகப் போட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மருத்துவமனைக்காரங்க தரச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடறாங்க. இந்த அத்தியாயத்தைக் கேட்டிருக்காங்க. அனுமதி குடுத்தவங்க, நன்றி வேணாமா? திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அப்பதான் நானும் உங்க ஆய்வேட்டுல போட முடியும்."

அந்தக் கடைசி வாக்கியம் மிரட்டல் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம். "சரி சார்" என்று சொல்லித் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் எழுதிய கட்டுரையில் அவர் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டபோதும் இதே 'சரி சார்'தான். அவர் மகளின் பள்ளிக்கூடத்துக்கு இதயமும் நுரையீரலுமாக நான்கு அட்டை வரைந்து கொடுத்தபோதும் அதேதான். படிக்கட்டில் இறங்கும்போதுதான் வாயில் அருமையான பதில்களாக வந்தன. எல்லாம் கைப்பிடிச் சுவருக்குத்தான் கேட்டன.

வீட்டுக்கு வந்ததும் ஆறாவது நேர்காணலைப் போட்டுக் கேட்டாள். ஆய்வேட்டில் அந்தப் பெண் 'பங்கேற்பாளர் 6'. சலவைக்கூடத்தில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். யாருக்கு விடுப்பு மறுத்தாலும், யார் சம்பளத்தைப் பிடித்தாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு நியாயம் கேட்கப் போகிறவள். அந்த வாயாடி நாற்பது நிமிட நேர்காணலில் பதினோரு தடவை பரவாயில்ல என்று சொல்லியிருக்கிறாள். அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

ஒலிப்பதிவில் முதலில் கேட்டது அவளுடைய சொந்தக் குரல். விருந்தாளியிடம் சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பது போல அத்தனை இனிப்பு. 'நிர்வாகம் உங்களை நல்லா பாத்துக்கறாங்க, இல்லையா?' அந்த 'இல்லையா'வைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். பதிலைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அதற்குப் பெயர் கேள்வியா? அதன் பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்துக்குள் ஓர் ஆணின் இருமல். மேற்பார்வையாளருடையது. நேர்காணலுக்கு அவர் அறையைத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தில் 'அமைதியான, தனிமையான இடத்தில் நேர்காணல்கள் நடத்தப்பட்டன' என்று அவள்தான் எழுதியிருந்தாள். படிக்கச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நெறியாளர் சொன்னதால் இருமலையும் மௌனத்தையும் விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தவளும் அவளே. காலையிலிருந்து நெறியாளர் மேல் கொதித்த கோபம் இப்போது அவள் பக்கமும் திரும்பியது. நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை.

மறுநாள் மதியம், காலை முறை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்துக்குப் மருத்துவமனையின் பின்வாசலில் போய் நின்றாள். வக்கீல் முதல் ஆளாக வந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "என்ன மேடம், பட்டம் வாங்கியாச்சா?" என்றாள். சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டியிருந்த சிமெண்டுத் திண்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். சொன்னதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டிச் சரிபார்ப்பதும் இந்த ஆய்வு முறையில் ஒரு படிதான். அந்தப் படியைத்தான், நேரமில்லை, விட்டுவிடுங்கள் என்று நெறியாளர் சொல்லியிருந்தார். அவள் படித்துக் காட்டினாள்.

"பங்கேற்பாளர் ஆறா? இங்க முதல்ல வேலைக்குச் சேர்ந்தவளே நான்தான்" என்று வக்கீல் சிரித்தாள். அட்டவணை வந்ததும் சிரிப்பு நின்றது.

"யாருக்குத் திருப்தி?"

"அப்படித்தான் போட்டிருக்காங்கக்கா."

"போட்டிருக்காங்களா, போட்டிருக்கீங்களா?"

அவள் தாள்களை மடியில் இறக்கி வைத்தாள். வக்கீல் வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கையில மூணு தடவை ஊசி குத்தியிருக்கு. யார் உடம்புல ஏறின ஊசியோ. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் குடுங்கன்னு கேட்டா, நீதான் பாத்து எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் என் பிள்ளைங்களுக்கு நான் ஒரு வாய் ஊட்டல. தொட்டுத் தூக்கல. சின்னவன், அம்மாவுக்கு என் மேல கோவம்னு அவங்க அப்பாகிட்ட போய் அழுதான். இது எங்க இருக்கு உங்க தாள்ல?"

"அன்னிக்கு ஏங்கா இதைச் சொல்லல?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ஆளை உக்கார வெச்சுக்கிட்டு நல்லா பாத்துக்கறாங்களான்னு கேட்டா வேற என்ன சொல்றது? பரவாயில்லன்னா, உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு அர்த்தம். இதுக்கு ஒரு படிப்பா?"

மேடம் போய், 'நீங்க' போய், 'உன்' வந்திருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. யோசிப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. "எனக்கும் மேல ஒருத்தர் இருக்கார்க்கா. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடலன்னா என் நாலு வருஷமும் போச்சு."

வக்கீல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் தணிந்ததா கூடியதா என்று சொல்ல முடியாத பார்வை. "அந்த மிஷின் கையில இருக்கா?"

"இருக்கு."

"போடு."

அவள் அவசரமாகப் பையைத் துழாவி ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துத் திண்டின் மேல் வைத்து அழுத்தினாள். ஊசி, பரிசோதனை, ஆறு மாதம் எல்லாம் இப்போது பதிவாகிவிடும். ஒரு வரி விடாமல், மூச்சைக்கூட விடாமல் தட்டச்சு செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வக்கீல் அவள் மடியிலிருந்த தாள்களை எடுத்து வெற்றுப் பக்கத்துக்குத் திருப்பினாள். அவள் விரலிடுக்கிலிருந்த பேனாவையும் உருவிக்கொண்டாள்.

"என்னோடதை அப்புறம் சொல்றேன். முதல்ல நீ சொல்லு. பயந்துபோய் இருக்கறவகிட்ட குடுத்தா அது எங்க போய்ச் சேரும்?"

"நானா? நான் என்னக்கா சொல்ல?"

"உன் சார் உன்னை நல்லா நடத்தறார், இல்லையா?" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல, அப்படிக் கேக்கக் கூடாது." கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்து யோசித்தாள். "நாலு வருஷமா அங்க என்ன நடந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முதல் எழுத்துக்காக உதடுகள் ஒட்டின, ஒட்டியபடியே நின்றன. பின்வாசலில் பெண்கள் இரண்டு பேர், மூன்று பேராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யாரோ வக்கீலைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி, மற்றக் கையால் கருவியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.