பெட்டியோடு பதினாலு

மார்ச் ஒன்பதாம் தேதி பிற்பகல், ஆற்றின் கிழக்குத் துறையில், பதினாலு பேருக்கான படகில் இருபத்தோரு பேர் ஏறியிருந்தார்கள். நடுவில் சவப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் இருந்தவர்தான் படகின் சொந்தக்காரர்.

இருபத்தோரு பேரில் ஒருத்தியான அவருடைய மகள், என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றாள். சாவியைத் திருப்பவில்லை.

"கிளப்பும்மா," என்றார் பெரியப்பா. "அக்கரையில குழி வெட்டுறவங்க எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க?"

"எட்டுப் பேரு இறங்கணும் பெரியப்பா. ரெண்டாவது நடையில கூட்டிட்டுப் போறேன்."

"எட்டா? ஏழுதானே அதிகம்?"

"அப்பாவோட சேத்து எட்டு."

பெரியப்பா சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். கேட்டீர்களா என்பது போல் இருந்தது அந்தப் பார்வை. "செத்தவனையுமா ஆள் கணக்குல சேப்பாங்க?"

"செத்துட்டா கனம் குறைஞ்சிடுமா?"

பெட்டியைச் செய்த தச்சர் தொண்டையைச் செருமினார். அப்பாவோடு தினமும் சீட்டாடியவர். "பாப்பா, ஒண்ணு சொல்லணும். பலகை கொஞ்சம் பருமனாப் போட்டுட்டேன். பெட்டி மட்டுமே ரெண்டு ஆள் வரும்."

"அப்ப பத்துப் பேரு," என்றாள் அவள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று தச்சர்மேல் பாய்ந்தார் பெரியப்பா.

அவள் பெட்ரோல் குழாயில் இருந்த ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி விட்டாள். அது ஏற்கெனவே பெட்ரோல் நிரம்பிக் கல்லாக இறுகியிருந்தது. கண் ஆற்றின் மேலேயே இருந்தது. காற்று கீழிருந்து மேலாக, ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்படித் திரும்பிவிட்டால் அலை படுக்காது, நிமிரும். துறைக் கம்பத்துக் கயிறு கம்பத்தில் டொக் டொக்கென்று அடித்தது. கம்பத்தடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சிவப்புத் துணி. அந்தத் துணி மேலே ஏறினால் அன்றைக்குப் படகு இல்லை. அதை ஏற்றுவது அப்பா மட்டும்தான். ஏற்றும் நாளெல்லாம் வீட்டில் சண்டை நடக்கும். "நீ துணியை ஏத்திடு. உலையை யாரு ஏத்துறது?" என்பாள் அம்மா. அப்பா காது கேட்காதவர் மாதிரி பல் குத்திக்கொண்டிருப்பார்.

இத்தனை வருஷம் ஆற்றில் கிடந்தவர், முந்தாநாள் கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

"ஊர்ல படகு இல்லாதவன்லாம் அரை நாள் பாலத்தைச் சுத்திப் போறான். நாம சொந்தப் படகை வெச்சுக்கிட்டு ஆளை எண்ணிக்கிட்டு நிக்கிறோம்," என்றார் பெரியப்பா. "நான் அவன் கூடப் பொறந்தவன். இறங்க மாட்டேன். அந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையையும் மாட்ட மாட்டேன். சாவுக்கு வந்திருக்கோமா, சர்க்கஸுக்கா?"

"மாட்டிக்கிடுங்க," என்றார் தச்சர். "இல்லேன்னா அவன் பெட்டியைத் தொறந்துட்டு எழுந்து வந்து திட்டுவான்."

ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, நீ இறங்கு, நீ இறங்கு என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். படகு அசைந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். மாட்டியிருந்த மிதவைச் சட்டையின் கொக்கியைக் கழற்றி, சட்டையைப் பெரியப்பா மடியில் வைத்தாள். பெட்டியின் மூடியை ஒரு தடவை தொட்டாள். கரைக்கு இறங்கினாள்.

"அம்மா, நீ எதுக்கு?"

"ரெண்டாவது நடையில வர்றேன். நீ பாத்துப் போ."

பெண்டாட்டியே இறங்கிவிட்ட பிறகு யாராலும் வாதாட முடியவில்லை. அம்மாவின் தம்பியான மாமா அவள் பின்னாலேயே இறங்கினார். மற்ற எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். படகு மெல்ல உயர்ந்தது. பெரியப்பா சட்டையை மாட்டவில்லை. மடியிலிருந்து தள்ளவும் இல்லை.

பாதி ஆறு தாண்டியதும் முதல் அலை முன்பக்கம் மோதி உள்ளே தெறித்தது. அவள் வேகத்தைக் குறைத்து, அலைக்குச் சற்றே சாய்வாகப் படகைத் திருப்பினாள். பெரியப்பா ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி, மறு கையால் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். தச்சர் மாட்டிவிட்டார்.

அக்கரையில் பெட்டியை இறக்கி முடிக்கையில் ஆறு முழுக்க வெள்ளை நுரை. குழி வெட்டியவர் மண்வெட்டியோடு வந்தார். "சீக்கிரம் ஆகட்டும்மா. குழியில தண்ணி ஊறுது. பக்கம் சரிஞ்சா இன்னிக்கு வேற வெட்ட முடியாது."

அவள் மறுபடி படகில் ஏறினாள். சாவியைத் தொட்டாள். கையை எடுத்தாள். மறுபடி தொட்டாள்.

"தனியாத்தானே போற, போயிடலாம்," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "உங்கம்மா பாக்காம எப்படிம்மா மூடுறது?"

"போயிடுவேன் பெரியப்பா. ஆளை ஏத்திட்டுத் திரும்புறதுதான்..."

போன் அடித்தது. மாமா.

"எல்லாரும் ரெடியா நிக்கிறோம். எப்ப வர்ற?"

"அலையைப் பாத்தீங்களா மாமா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அதுக்காக, உங்கம்மா பாக்க வேணாமா? அவளை மட்டுமாவது கூட்டிட்டுப் போயிடேன்."

சாவியைப் பாதி திருப்பினாள். "அம்மாகிட்ட குடுங்க."

"அக்கா, இந்தா. அக்கா..." காற்று இரைந்தது. "வாங்க மாட்டேங்கிறா."

"என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. கம்பத்துப் பக்கம் போறா."

அவள் தலையை உயர்த்தினாள். அந்தத் தூரத்தில் ஆட்கள் புள்ளிகளாகத்தான் தெரிந்தார்கள். ஒரு புள்ளி மற்றவற்றைவிட்டு விலகிப் போய்க் குனிந்தது. வெகுநேரம் குனிந்தே இருந்தது. பிறகு கம்பத்தில் சிவப்பாக ஒன்று ஏறியது. பாதியில் சிக்கி நின்றது. கொஞ்சம் கீழே வந்தது. மறுபடி ஏறி உச்சிக்குப் போய் விரிந்தது.

அவள் சாவியை உருவிப் பைக்குள் போட்டாள். படகுக்கு இரண்டாவது கயிறும் கட்டினாள்.

"என்னம்மா?" என்றார் பெரியப்பா.

"மூடச் சொல்லுங்க."

காற்று இருட்டிய பிறகுதான் அடங்கியது. மறுநாள் விடிந்தபோது கம்பத்தில் துணி இல்லை. படகு பதினோரு பேரோடு திரும்பியது. எல்லாரும் சட்டை மாட்டியிருந்தார்கள்.

பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு அது மறுபடி அக்கரைக்குக் கிளம்பியது. அம்மா முதலில் ஏறினாள்.