நவாபுக்கு எண்ணெய் வைத்த கதை

எழுதத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் நானும் பேனாவைத் தொட்டதற்காகப் படிப்பவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். அதிலும் முயல்களின் குடும்ப விஷயத்தை அச்சில் ஏற்றுவது மரியாதைதானா என்று வெகுவாகத் தயங்கினேன். ஆயினும் மயிலாப்பூர்க் கால்வாய்க்கரையில் கலீமுல்லா அடைந்த வெற்றியை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

கலீமுல்லா புத்தகங்களுக்கு பைண்டு போடுபவர். குண்டு விழும் என்று பட்டணமே காலியான வருஷம், அடையாற்றுப் பங்களாவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்ட துரை ஒருவர் தம் முயல்களை அவரிடம் விட்டுச் சென்றார். அவற்றுள் சாம்பல் நிற ஆண் முயலுக்கு நவாப் என்று பெயரிட்டு, பெற்ற பிள்ளையைப் போலக் கொஞ்சினார் கலீமுல்லா.

யுத்தத் தட்டுப்பாட்டில் வறண்ட புல்லையும் தவிட்டையும் தின்று ஆண் முயல்கள் எலும்பும் தோலுமாயின. பெண் முயல்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூண்டுகள் இருந்த கொல்லை மைத்துனன் பீர் முஹம்மதுவுக்குச் சொந்தம். அவன் கறிக்கடைக்காரன் வேறு.

"மச்சான், பக்ரீத் வரைக்கும் பாக்கிறேன். குட்டி இல்லேன்னா நவாப் சாகிப் நம்ம கடைக்கு வந்துடுவாரு" என்றான்.

கலீமுல்லா மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ரகுபதியிடம் ஓடினார். "ஆணுக்கு எண்ணெய்ச் சத்து வேணும் பாய். தவிட்டுல கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு குடுங்க. உடம்பும் தேறும், மத்ததும் தேறும்" என்றார் ரகுபதி.

பகலில் முயல்களைப் பார்த்துக்கொள்பவள் கால்வாய்க்கரைக் குடிசையிலிருந்து வரும் சுப்பம்மா. வேலைக்குப் போகும் அவசரத்தில் எண்ணெய் ஜாடியை அவளிடம் நீட்டி, "சுப்பம்மா, ஆம்பள முயலுங்களுக்கு எண்ணெ வை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். தவிடு என்ற சொல் அவர் வாயோடு தங்கிவிட்டது.

நாளடைவில் முயல்கள் மினுமினுத்தன. நவாபின் தொடை திரண்டது. பெண் முயலின் கூண்டில் விட்டால் கூச்சமே இல்லாமல் துள்ளியது. ஆனால் குட்டியைத்தான் காணோம். பக்ரீத் நெருங்க நெருங்க, கலீமுல்லா விரல்விட்டு நாளை எண்ணினார்.

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை காலை, பீர் முஹம்மது கூடையோடு வந்து நின்றான். அவனோடு கொல்லைக்குப் போன கலீமுல்லா திகைத்து நின்றார். சுப்பம்மா நவாபை மடியில் இருத்தி, உச்சியிலும் காதிலும் முதுகிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சுப்பம்மா பண்றே?"

"இன்னா பாய், நீதானே எண்ணெ வைன்னே. ஆம்பளைங்களாச்சே, புதனும் சனியும் வச்சிக்கினு வரேன். குளிப்பாட்டுனா சளி புடிக்கும்னு தொடச்சி வுட்டுடறேன்."

பீர் முஹம்மது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சீயக்காயும் போட்டு, புது லுங்கியும் கட்டிவுடு. மாப்பிள்ளையா அனுப்பிடலாம்."

தவிட்டில் ஒரு சொட்டும் சேரவில்லை. எல்லாம் வீண் என்று கலீமுல்லா உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து குதித்த நவாபோ, முன்னங்காலால் காதை வழித்து வழித்து நக்கியது. காது, முதுகு, விலா என்று ஓரிடம் விடவில்லை. நக்கிய எண்ணெயெல்லாம் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன் பாய்" என்றாள் சுப்பம்மா. "பொம்பளைங்களுக்கு வெள்ளிக்கெழம வச்சிருக்கணும். வைக்காம வுட்டேன், வயித்து முடி கொத்துக் கொத்தா கொட்டிக் கீது."

கலீமுல்லா எழுந்து ஓடினார். பிள்ளை பெறும் முயல்தான் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போடும் என்று துரை சொல்லியிருந்தார். முதல் கூண்டில் முடிக்குவியலை விலக்கினார். இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன குட்டிகள். அடுத்த கூண்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"எண்ணு மச்சான்" என்றார் கலீமுல்லா, நெஞ்சை நிமிர்த்தி.

பீர் முஹம்மது குனிந்தான். எண்ணிக்கை தவறி மீண்டும் எண்ணினான். பிறகு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, "இதுங்களுக்கு எடம் பத்தாது மச்சான், பக்கத்துக் கொட்டாயையும் எடுத்துக்கோ" என்றான். கலீமுல்லா நவாபைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெரு முழுவதும் நடந்தார். வீடுதோறும் ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

இவ்வளவிலும் இழந்தவை: பிறந்த அன்றே இறந்த குட்டிகள் மூன்று. பிரசவத்தில் போன வெள்ளை முயல் ஒன்று. கலீமுல்லாவின் மனைவி ஜமீலுன்னிசா சமையலுக்கு வைத்திருந்த எண்ணெய் முழுவதும்.